காலைக் குண்டும் மதியக் குண்டும்

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலைக்குத் தோல் தரம் பார்த்துக் கொடுக்கும் தேவானந்தத்துக்கு மனிதர்களிடம் பொறுமை கம்மி. ஈயக் குண்டுகளிடம் ஏராளம். ஏர் ரைஃபிளில் போடும் அந்தச் சின்னஞ்சிறு குண்டுகளை ஒவ்வொன்றாக நகைக்கடைத் தராசில் நிறுத்து, விளிம்பு நசுங்கியதைக் கழித்து, எடைவாரியாகப் பிரிப்பார். மாவட்டத் துப்பாக்கி சுடும் அணித் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். இந்த முறையும் விட்டால் கிளப்பில் வேடிக்கை பார்க்கும் நாற்காலிதான்.

கணக்கென்னவோ எளிது. துப்பாக்கி மேல் குறிபார்க்கப் பூட்டிய ஸ்கோப்பை இருபத்தைந்து மீட்டருக்குச் சரிசெய்துவிட்டு, பத்துக்கும் நாற்பதுக்கும் அதன் திருகை எவ்வளவு திருப்புவது என்று பழகினால் போதும். ஆனால் மதியம் நாற்பதில் நடுப்புள்ளியைத் துளைத்த அதே ரகக் குண்டு, மறுநாள் காலையில் மேலே ஏறிப் போனது. கனமான குண்டு போட்டார், இறங்கிவந்தது. மதியமானதும் அதுவும் பாதாளத்துக்குப் போனது. ஆகவே காலைக்கு ஒரு டப்பா, மதியத்துக்கு ஒரு டப்பா.

“இன்னா தேவா, குண்டுக்கும் ஷிப்ட் போட்டுட்டியா?” என்றார் கிளப் தோஸ்த் தபரேஸ்.

“சிரி, நல்லா சிரி. உன் குண்டுங்க ஷிப்டுக்கே வர்றதில்ல.”

தேர்வு நாளன்று விடியலிலிருந்தே மழை. காலை டப்பாவைத் திறந்தார். நாற்பது மீட்டரில் சோதனைக் குண்டுகள் எல்லாம் இலக்குக்கு மேலே பறந்தன.

“பேஜார்ப்பா! குண்டு செய்யறவனுக்கு மனசாட்சியே இல்ல.”

“அவன ஏன் திட்டுற? ஸ்கோப்புக்கு அடியில இன்னா அது?”

ஸ்கோப்பின் பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் தேவானந்தமே வெட்டிச் செருகிய துண்டு.

“நம்ம தோல். முதல் தரம்.”

சொன்னவர், வேலைப் பழக்கத்தில் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்றிருந்தது, ஈரம் குடித்து உப்பி, ஸ்கோப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறியையே மாற்றியிருந்தது. பதப்படுத்தினாலும் தோல் ஈரம் இழுக்கும் என்று பேரணாம்பட்டு வியாபாரிகளுக்கு வகுப்பெடுத்து, சரக்கை வண்டியோடு திருப்பி அனுப்புகிறவர் அவர்.

“முதல் தரமா?” என்றார் தபரேஸ்.

“ரிஜெக்ட்டு” என்றார் தேவானந்தம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தோலை உருவினால் ஸ்கோப்பை அடியிலிருந்து சரிசெய்ய வேண்டும், நேரமில்லை. உருவாமலே போய் நின்று, குத்துமதிப்பாகக் கீழே குறிவைத்தார். முதல் சில குண்டுகள் நடுவில் விழுந்தன. பாதியில் மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. தோல் காயக் காய, குண்டுகள் கீழே இறங்கிக்கொண்டே போயின.

அணியில் அவர் பெயர் வரவில்லை. அவர் பிரித்து வைத்த குண்டுகளில் ஒரு குற்றமும் இல்லை. அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.