காதைப் பிடித்தால் போதும்

பள்ளி ஆயாவுக்கு வாய் நீளம். பிள்ளைகள் என்றால் உயிரையே விடுவாள். மழலையர் வகுப்பில் ஒரு சிறுமி, கழிப்பறை போகணும் என்று கேட்க வெட்கப்பட்டு அடிக்கடி உடுப்பை நனைத்துக்கொண்டாள். "வாயே திறக்க வேணாம்டி தங்கம், காதைப் பிடிச்சுக்கோ, நான் வந்துடறேன்" என்றாள் ஆயா. அன்றிலிருந்து ஜன்னலோரமே பழியாகக் கிடந்தாள். காதுக்குக் கை போனதும் உள்ளே நுழைந்து அள்ளிக்கொள்வாள். கழிப்பறைவரை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை கதை அளக்கும்.

இந்த வருஷம் சிறுமி மாடி வகுப்புக்குப் போய்விட்டாள். "இத்தனை படி எந்தப் புண்ணியவான் கட்டினான்?" என்று திட்டிக்கொண்டே ஆயா படிகளைப் பெருக்கினாள்.

நேற்று மைதானத்தில் சிறுமியின் கை காதுக்குப் போனது. ஆயா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினாள்.

"இறக்கி விடுங்க ஆயா, எல்லாரும் பாக்குறாங்க. காது அரிச்சுது, அவ்வளவுதான்."

இறக்கிவிட்டாள். பிள்ளையைத் தாங்கிய கை மட்டும் வெகுநேரம் இடுப்பருகே வளைந்தே இருந்தது.