பெய்லியின் முதுகும் ஐம்பது நிமிட மேளமும்

கில்ஹோப் ஊரில் நெட்டா ஆலிவரைத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவளுடைய குதிரையின் முதுகைப் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. பின்னலாடை ஆலையில் ஸ்வெட்டர்களுக்குக் கழுத்துப்பட்டி பொருத்துகிற வேலை அவளுக்கு. வயது ஐம்பத்தெட்டு. பக்கத்தில் உட்காருகிற பெண்கள் பேரனுக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னால், பெய்லி இன்றைக்கு எந்தப் பக்கம் கழுத்தை வளைத்தான், எந்தப் பக்கம் முரண்டு பிடித்தான் என்று இவள் ஆரம்பித்துவிடுவாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். கையில் ஊசி வைத்திருக்கிறவளிடம் யார் வாயைக் கொடுப்பது?

பெய்லி பதினேழு வயதுக் குதிரை. பழுப்பு நிறம், பானை வயிறு. நகரசபைத் தலைவருக்குரிய முகம். அவனும் நெட்டாவும் பன்னிரண்டு வருஷமாக ஒன்றாகத் திரிகிறார்கள். போன வருஷம் வசந்த காலத்தில் திடீரென்று, சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிப் பல்லைக் காட்ட ஆரம்பித்தான்.

"திமிருதான், வேறென்ன," என்றான் நெட்டாவின் கணவன் ராப். ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். எதையும் ஓங்கி ஒரு அடியில் முடித்துவிடுவது அவன் சுபாவம்.

திமிர் இல்லை. கால்நடை மருத்துவர் ஷோனா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். முதுகெலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. மூட்டுகளில் வாதம் இறங்கியிருந்தது.

"குணமாக்க முடியாது நெட்டா. ஆனா சமாளிக்கலாம்," என்று மூட்டுகளில் ஊசி போட்டுவிட்டு ஷோனா விரலை மடக்கினாள். "லாயத்துல அடைக்காதீங்க, எந்நேரமும் வெளியில உலாத்தட்டும். ஏறினதும் இருபது நிமிஷம் வெறும் நடைதான். தலைய கீழ தொங்கப்போட்டு நடக்க விடுங்க, அப்பதான் முதுகு மேல எழும்பும். செங்குத்தான இறக்கம் வந்தா நீங்க இறங்கி நடந்துடணும். ஏறும்போது படி வெச்சுத்தான் ஏறணும்."

நெட்டா அத்தனையும் செய்தாள். முன்னங்கால்களுக்கு நடுவே கேரட்டை நீட்டி அவனைக் குனிய வைத்தாள். அடிவயிற்றை விரலால் சுரண்டி முதுகைத் தூக்க வைத்தாள். பழைய சேணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் முதுகுக்கு அளவெடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கினாள். ஷோனா கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

கில்ஹோப்காரர்கள் தரையிலிருந்துதான் குதிரை ஏறுவார்கள். எண்பது வயதுக் கிழவரும் சேணத்திலிருந்து தொங்குகிற அங்கவடியில் ஒற்றைக் கால் வைத்து, தத்தித் தாவி, மூச்சு வாங்கி ஏறுவாரே தவிர, படியைத் தொடமாட்டார். படி போட்டு ஏறினால் "மாவு மூட்ட ஏறுதுடோய்!" என்று தெருவே கத்தும். அந்தப் பேருக்குப் பயந்துகொண்டு நெட்டா தினமும் தன் முழு எடையையும் பெய்லியின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டுத்தான் ஏறினாள்.

ஆறு மாதம் கழித்து ஷோனா வந்து அவன் முதுகை விரலால் அழுத்தினாள். பாவம், வலியில் கால் மடங்குகிற மாதிரி அமுங்கினான். எங்கே தப்பு என்று ஷோனாவுக்கும் புரியவில்லை, நெட்டா ஏறுவதைப் பார்க்கிறவரைக்கும்.

"அடக் கடவுளே! வயித்த சொறிஞ்சு சொறிஞ்சு முதுக தூக்கிவிட்டுட்டு, அப்புறம் நீங்களே அத பிடிச்சு முறுக்குறீங்களே!"

நெட்டா வேலி ஓரமாகப் போய் நின்று அழுதாள். இரண்டு நிமிஷம்தான். பிறகு ராப்பை அனுப்பி மதுக்கடையிலிருந்து ஒரு பீர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அன்றிலிருந்து அதன்மேல் நின்றுதான் ஏறினாள். பெய்லியின் காது மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

ஜூன் மாதம் எல்லைச் சவாரி வந்தது. ஊரே குதிரையேறி, கொடிக்காரன் பின்னால் எல்லையைச் சுற்றிவருகிற நாள். நெட்டா முப்பது வருஷமாக ஒன்றையும் விட்டதில்லை. போகலாம் என்றாள் ஷோனா, ஆனால் ஒரு நிபந்தனை.

"மறுநாள் காலையில வந்து முதுக அழுத்திப் பாப்பேன். அமுங்குச்சுன்னா அதோட சரி, இனிமே சேணமே கிடையாது. மேய்ச்சல்ல நின்னு புல்லு தின்னட்டும்."

பெய்லி மேல் ஏறாத வாழ்க்கையை நெட்டாவால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதைவிட, அவனுக்கு வலிக்கும் என்பதைத் தாங்க முடியவில்லை. சவாரி நாளன்று இரண்டையும் சுமந்துகொண்டு கடைத்தெருவில் பீர்ப் பெட்டியைப் போட்டாள். எதிர்பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. கறிக்கடை வாட்டி ரதர்ஃபோர்ட். அவளோடு பள்ளியில் படித்தவன்.

"மாவு மூட்ட ஏறுதுடோய்! வழி விடுங்கப்பா, கொட்டிடப் போகுது!"

தெரு சிரித்தது. நெட்டாவுக்குக் காது வரை சிவந்தது. ஆனாலும் ஏறிவிட்டாள்.

மலை அடிவாரத்தில் கொடிக்காரன் குதிரையைத் தட்டிவிட்டான். இருநூறு குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் மேலே பறந்தன. பெய்லியும் துள்ளினான். "நீ வேண்டாம்டா ராசா," என்று நெட்டா அவனைப் பிடித்து நடக்கவைத்தாள். கூட்டம் கண்ணுக்கு மறைந்தது. மறுபக்கச் செங்குத்து இறக்கத்தில், சொன்ன சொல் தவறாமல், இறங்கி நடந்தாள்.

கீழே ஆற்றங்கரைச் சமவெளிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பீர்ப் பெட்டி கடைத்தெருவில் இருக்கிறது! இங்கே ஒரு பாறை இல்லை, வேலி இல்லை. ஆற்றைக் குதிரை மேல் கடந்து வருகிறவர்கள் பேர்தான் ஏட்டில் ஏறும். நடந்து வந்தால் அந்த வருஷம் வந்ததாகவே கணக்கில்லை.

ஒரே ஒரு தடவைதானே என்று அங்கவடியில் காலை வைத்தாள். பெய்லியின் காது பின்னால் போனது. காலை எடுத்துவிட்டாள். போகட்டும் முப்பது வருஷம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்போது புல்வெளியில் சேறும் சகதியுமாக ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். வாட்டிதான். வாடகைக் குதிரை அவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் கூட்டத்தோடு போய்விட்டது.

"ஏன் நடக்குற?"

"ஏற படி இல்ல."

வாட்டி அவளைப் பார்த்தான். பெய்லியைப் பார்த்தான். காற்றில் ஊரிலிருந்து பேண்டுச் சத்தம் வந்தது. கொடி ஆற்றைக் கடக்கும்போது ஆரம்பிக்கிற பாட்டை, கடைசிக் குதிரை கரையேறும் வரை நிறுத்தக் கூடாது என்பது கில்ஹோப் வழக்கம்.

"உன் புருஷன் கை கழண்டு விழப் போகுது," என்று சொல்லிவிட்டு வாட்டி மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். "ம், ஏறு. யார்கிட்டயாவது சொன்ன, அப்புறம் கறி கிடையாது."

நெட்டா அவன் முதுகில் ஏறி நின்றாள்.

"ஐயோ அம்மா!"

"மாவு மூட்ட என்ன கனம்னு இப்ப தெரியுதா?"

பெய்லி அசையாமல் நின்றான். அவள் பூப்போல உட்கார்ந்தாள்.

கொடி கடந்து ஐம்பது நிமிஷம் கழித்து அவர்கள் ஆற்றங்கரையில் தெரிந்தார்கள். அதுவரை ஒரே பாட்டு. பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் போய் ஆட்டுக்கறி அடைத்த அப்பம் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஊதுகிறவர்களுக்கு உதடு வீங்கியிருந்தது. "ஓட்டு நெட்டா! புண்ணியமாப் போகும், ஓட்டு!" என்று கரையே கெஞ்சியது. ராப் டிரம்மை அடித்த கையோடு கோலை நீட்டி மிரட்டினான். நெட்டா கடிவாளத்தைத் தளர்த்திவிட, பெய்லி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தான். பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி வாட்டி. கரையேறியதும் பேண்டு பாதிப் பாட்டில் அப்படியே நின்றது.

மறுநாள் காலை ஷோனா வந்தாள். நெட்டாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஷோனா தோளிலிருந்து ஆரம்பித்து, எலும்பு எலும்பாக அழுத்திக்கொண்டு வந்தாள். சேணம் உட்காருகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள். பெய்லி அமுங்கவில்லை. திரும்பி அவள் பாக்கெட்டில் கேரட் தேடினான்.

"அடுத்த வருஷமும் போகலாம்," என்றாள் ஷோனா.

நெட்டா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழுதாள். தைல வாடையோடு, வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வேலியில் சாய்ந்திருந்தான் ராப்.

"போகலாம், போகலாம். ஆனா அடுத்த வருஷம் குதிரையில நான் வரேன். நீ டிரம் அடி."