ஒரிஜினல் மெத்தை

போன வருஷம் ஆயுத பூஜையன்று காலையில், பினாங்கு டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்த, கூரையில்லாத கார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் இருக்கை இரண்டு. என் எரிச்சலை இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பானெட்டைத் திறந்தால் அதன் உள்பக்கம் தடித்த கம்பளி போல ஒரு மெத்தை ஒட்டியிருக்கும். எஞ்சின் சூட்டில் பெயிண்ட் கெடாமல் இருக்கவும், சத்தத்தைக் குறைக்கவும் வைத்ததாம். பசை விட்டுப்போய் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் விரலில் கறுப்பாக எண்ணெய் ஒட்டும். அதைப் பிய்த்து எறிவதா, புதிது ஒட்டுவதா, அப்படியே விடுவதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் பல மாதம் குடியிருந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மெத்தை கட்டாயம் வேண்டும் என்பார். கெப்பாலா பத்தாஸ்காரர் ஒருவர், நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் சூடு வெளியேறும் என்பார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டு பேருக்கும் சரி என்று பதில் போடுவார்.

என் கவலை ஒன்றுதான். எண்ணெய் ஊறிய அந்த மெத்தை தீப்பிடிக்குமா? மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வதுதான் அவளுக்கு உலகம். இணையத்தில் தேடிப் படித்தேன். பிடிக்கும் என்று ஒரு பக்கம் சொன்னால், பிடிக்காது என்று அடுத்த பக்கம் சொல்லும். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"அது ஒரிஜினல்மா. ஃபேக்டரில ஒட்டினது. பிச்சா காரோட மதிப்பே போயிரும்லா."

"தொங்குதுங்க."

"தொங்கட்டும். ஒரிஜினலாத்தானே தொங்குது."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது? காரை மெருகேற்ற அலமாரி நிறைய மெழுகு டப்பாக்கள் இருந்தன. ஒரு தீயணைப்புக் கருவி வாங்குங்கள் என்றால் மட்டும் அடுத்த மாதம் என்பார். ஒருவேளை நான்தான் எல்லாவற்றுக்கும் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று எனக்கும் தோன்றிவிடும்.

ஆயுத பூஜையன்று காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். படம் எடுப்பதற்காக மகளைப் பட்டுப்பாவாடையோடு ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். மற்ற வீடுகளில் காருக்கு வெளியே நின்றுதான் ஆரத்தி காட்டுவார்கள். இவருக்கு அது போதவில்லை. உழைப்பது எஞ்சின்தானே, அதற்குக் காட்டு என்று பானெட்டைத் திறந்து வைத்தார். பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பைக் காட்டலாமா என்று கேட்டேன். எட்டி நின்று காட்டு என்றார். நல்ல நாளில் வாக்குவாதம் எதற்கு என்று கற்பூரத் தட்டைத் தூக்கினேன்.

எட்டித்தான் நின்றேன். காற்று வீசியதா, என் கை உயர்ந்ததா, இன்னும் தெரியவில்லை. சுடர் அந்தத் தொங்கும் மூலையைத் தொட்டது. விளக்குத் திரி மாதிரிப் பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை மகள் இருந்த பக்கம் போனது.

நான் தட்டோடு நின்றேன். இந்த ஒரு காட்சியை நினைத்து எத்தனையோ நாள் தூக்கம் கெட்டவள் நான். அந்த நேரத்தில், எரிகிற கற்பூரத்தைத் தரையில் வைக்கக் கூடாதே, எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. கதவைத் திறக்கக்கூட நிற்காமல், அதன் மேலேயே கவிழ்ந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அப்போது வாசல் கழுவிக்கொண்டிருந்தார். தரை துடைக்கும் ஈர மாப்போடு ஓடி வந்து மெத்தையை இழுத்தார். பசைதான் ஏற்கெனவே விட்டுப்போயிருந்ததே, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தரையில் போட்டு அடித்து அணைத்தார். பிறகு மலாயில் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். ஒரு சொல் பாக்கியில்லாமல் எங்களுக்குத் தகும்.

கணவர் மகளோடு திரும்பி வந்தார். "பாப்பா எங்கிட்டதான் இருக்கா. தட்டைக் கீழ வைம்மா."

அப்போதுதான் வைத்தேன். கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது.

அன்று மாலை அவர் கருகிய மெத்தையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். முதலில் வந்த கேள்வி, அது ஒரிஜினல் மெத்தையா என்பதுதான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கெப்பாலா பத்தாஸ்காரர்தான் கேட்டார், அதுவும் ஒரிஜினலா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போட்டு முடித்த பிறகு.

தீயணைப்புக் கருவி மறுநாளே வந்துவிட்டது. பானெட்டின் உள்பக்கம் இப்போது வெறும் தகடு. வெயிலில் ஓடிவிட்டு வந்தால் மேலே கை வைக்க முடியாது. தீப்பிடிக்காத புது மெத்தை ஒன்று இருக்கிறதாம், ஒட்டலாமா வேண்டாமா என்று குழுவில் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டார். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் ஓட்டுநர் கதவின் மேல் ஒரு நீளமான கீறல் இருக்கிறது. மகளைத் தூக்கும்போது அவருடைய கைக்கடிகாரம் கிழித்தது. அத்தனை மெழுகு டப்பாக்கள் இருந்தும் அதை மட்டும் அவர் தேய்க்கவில்லை. இவருக்குப் பெரியது காரா பிள்ளையா என்று வாய் வரை வரும் நாட்களில், நான் அந்தக் கீறலைப் பார்த்துவிட்டு, கேள்வியை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.