ஆளுக்கு ஐம்பது மட்டி

எங்கள் வீட்டில் அழைப்புமணி அடித்தால் முதலில் எழும்புகிறவர் பெரியம்மாதான். கதவைத் திறப்பதற்காக அல்ல. அடுப்பில் எது கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வந்தவர் மின்சார மீற்றர் பார்க்கிறவரா, எலுமிச்சம்பழம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியா என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. கறி அடிப்பிடித்த மணத்தை வைத்தே அன்றைக்கு யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தம்பி பிறந்தபோது உதவிக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்துக்கு, ஓக்லாந்துக்கு வந்தவர், விசா முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. போவதற்கு அங்கே வீடு இருக்கவில்லை. விசா முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் குசுகுசுப்பதை நான் பால் முடிந்த கணக்கில் எடுத்துக்கொண்டேன். முடிந்தால் மூலையில் இருக்கிற டெய்ரிக் கடையில் வாங்கவேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு முழிப்பு என்று யோசிப்பேன். ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சீருடை போட்ட எவருடைய கண்ணிலும் பெரியம்மா படக்கூடாது, பட்டால் கொண்டுபோய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா என் காதைப் பிடித்துச் சொல்லியிருந்தார். குடும்பப் படம் வரையச் சொன்னால்கூட நான் பெரியம்மாவை விட்டுவிட்டுத்தான் வரைவேன்.

வீட்டில் இன்னொரு பயமும் இருந்தது. அது ஒரு நீல ஃபைல். அப்பாவின் வதிவிட விண்ணப்பம் அதற்குள்தான் இருந்தது. அதற்குப் பதில் வரும்வரை எங்கள் பேரில் ஒரு கீறல் விழக்கூடாது. அப்பா காரை நிறுத்தினால் பார்க்கிங் பலகையை இரண்டு தரம் வாசிப்பார், பிறகு என்னைக் கூப்பிட்டு மூன்றாம் தரம் வாசிக்கச் சொல்வார். இந்த இரண்டு பயமும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. சந்தித்தது எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஓர் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமையில்.

வீட்டுக்குள்ளேயே இருந்து பெரியம்மா வெளிறிப்போயிருந்தார். கோடை முழுவதும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். இலை உதிரத் தொடங்கியதும் அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. நகரத்துக்கு வடக்கே ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது, கடல் வற்றும் நேரம் போனால் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கலாம் என்றார்.

"அங்கை ரிக்கற்றும் இல்லை, ஒண்டுமில்லை அக்கா. எல்லாருக்கும் பொதுவான இடம். ஆர் வந்து என்னத்தைக் கேக்கப்போகினம்?"

"அப்ப அது ஆற்ற காணி?" என்று பெரியம்மா கேட்டார்.

"எல்லாற்ற காணியும்தான்."

"என்ரையுமோ?"

அப்பா சிரித்துவிட்டு, ஓம், உங்கடையும்தான் என்றார். மட்டி என்ற சொல்தான் பெரியம்மாவை அசைத்தது என்று நினைக்கிறேன்.

கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நின்ற பொப்லார் மரங்கள் மஞ்சளாகிப் பாதி கொட்டியிருந்தன. வெயில் சுட்டது, காற்று குளிர்ந்தது. கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. பெரியம்மா அம்மாவின் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். கைப்பையைக் காரில் வைக்கச் சொன்னதற்கு மறுத்து, தோளில் குறுக்கே மாட்டியபடியே குனிந்தார். கண்ணால் தேடவில்லை. பாதத்தால் துழாவிப் பார்த்து, இந்த இடம்தான் என்று விரலை விட்டால் கொத்தாக மட்டி வந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒன்று எடுப்பதற்குள் அவர் ஐந்து எடுத்தார். நாலு வயதுத் தம்பி சேற்றில் வழுக்கி விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அப்படியொரு சிரிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வாளி நிறையத் தொடங்கியபோது அம்மா என் தோளைப் பிடித்தார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சீருடையும் தொப்பியுமாக ஒருவர் இறங்கி, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி மணலில் நடந்து வந்தார்.

பெரியம்மா ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதுகைக் காட்டியபடி, கரையோரமாகச் சுற்றி, தூரத்தில் புல்தரை விளிம்பில் இருந்த கழிப்பறைக்குள் போய் மறைந்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்திக்கொண்டே போயின.

வந்தவர் நரைத்த தாடியுள்ள பெரிய உடம்புக்காரர். கியா ஓரா என்று மாவோரி மொழியில் வணக்கம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் பயத்தை இன்னும் கூட்டியது. ஆளுக்கு ஐம்பதுதான் எடுக்கலாம் தெரியுமா, எத்தனை பேர் பொறுக்கினீர்கள் என்று கேட்டார். அப்பா எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் நான்கு என்றார். வந்தவர் குந்தியிருந்து மட்டியைப் பத்துப் பத்தாக மணலில் எடுத்து வைத்தார். தம்பிக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது, அவனும் குந்தியிருந்து உதவி செய்தான். இருநூறு தாண்டியது. இருநூற்று முப்பத்தொன்றில் வந்து நின்றது.

முப்பத்தொன்று கூடுதல். பெயரும் விலாசமும் எழுதவேண்டியிருக்கும், சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அப்பா பர்ஸை எடுத்தார். அட்டை வெளியே வரமாட்டேன் என்றது, அவ்வளவுக்கு அவருடைய கை நடுங்கியது. அப்பாவின் கை நடுங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீல ஃபைலில் கீறல் விழப்போகிறது என்று எனக்கு விளங்கியது. வாய்ப்பாட்டில் நான் கெட்டிக்காரி. ஐந்து பேர் என்றால் இருநூற்றைம்பது, கணக்குச் சரியாகிவிடும். ஆனால் அந்த ஐந்தாவது ஆளைச் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பாவின் கைதான் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஐந்து பேர்," என்றேன் ஆங்கிலத்தில். "பெரியம்மா கழிப்பறைக்குள் இருக்கிறார்."

அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்த மனிதர் எழுந்து கழிப்பறைப் பக்கம் திரும்பினார். பெரியம்மா ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டிருந்தார். சேற்றுக் காலோடு, நேராக, எங்களை நோக்கித்தான் நடந்து வந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

வந்து நின்றதும் கைப்பையைத் திறந்தார். கடவுச்சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் அந்த மனிதரிடம் நீட்டினார். பெரியம்மாவின் உதடு வெளுத்திருந்தது, கை நடுங்கவில்லை.

அந்த மனிதர் அதை வாங்கவில்லை. இதெல்லாம் எனக்கு வேண்டாம் அம்மணி, நான் மட்டிதான் எண்ணுகிறவன் என்றார். குறிப்பேட்டில் ஐந்து என்று எழுதினார். மட்டியைக் கடல் தண்ணீரிலேயே ஊறப்போடுங்கள், மண் போய்விடும் என்று சொல்லிவிட்டு, தம்பியின் தலையைத் தடவிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார்.

"என்னவாம் பிள்ளை?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அவருக்கு அது வேண்டாமாம்."

"வேண்டாமாமோ?"

"ஓம், வேண்டாமாம்."

பெரியம்மா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் காரில், கணக்கைச் சரியாக்கியதற்கு யாராவது பாராட்டுவார்களா என்று கொஞ்சத் தூரம் எதிர்பார்த்தேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அன்றிரவு மட்டிக்கறி ருசியாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடியுமுன் பெரியம்மா தானாகவே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருட முடிவில் அப்பாவுக்கு வதிவிட உரிமை கிடைத்தது. எல்லோரும் கேக் வெட்டினார்கள். பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்து அனுப்பியவள் நான்தான் என்ற எண்ணத்தோடு நானும் ஒரு துண்டு தின்றேன். அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தால் அது என்னோடு சேர்ந்தே வளர்ந்தது.

வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கழிப்பறையிலிருந்து நாங்கள் நின்ற இடத்துக்குக் குறைந்தது இருநூறு அடி தூரம். காற்று கடலிலிருந்து அடித்தாலும் ஒன்பது வயதுக் குரல் அவ்வளவு தூரம் போகாது. போயிருந்தாலும் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதைவிட, நான் சொல்லி முடித்து அந்த மனிதர் திரும்புவதற்குள் அந்தச் சேற்றில் எவரும் பாதித் தூரம் நடந்து வந்திருக்க முடியாது. அப்பா பர்ஸில் கை வைத்ததை கழிப்பறைக் கதவிடுக்கால் பார்த்தவுடனேயே அவர் புறப்பட்டிருக்கவேண்டும். அப்போது நான் இன்னும் வாயே திறக்கவில்லை.