செவ்வந்திப் பூச்சாடி

நான் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் அம்மா வாசலில் வைத்து ஒன்றைத்தான் சொல்வார்.

"அங்கை ஆக்களின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு வா."

பேர்கனில் கலியாணவீடு என்றாலும் சரி, ஸ்தவாங்கரில் சாமத்தியவீடு என்றாலும் சரி, இதைக் கேட்காமல் ஒஸ்லோவில் எங்கள் புருசெத் அடுக்குமாடியின் படியிறங்கியதாக எனக்கு நினைவில்லை. பார்க்க வேண்டிய முகம் அண்ணாவுடையது. நான் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். கொழும்பிலிருந்த மாமாவுக்குப் பரிசிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன், இனி நோர்வேக்குப் போகப்போகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நோர்வேக்கு நான் வந்தேன், பிறகு அம்மாவும் வந்தார். வருகிறேன் என்றவர் மட்டும் வரவில்லை.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அப்பாவின் படத்துக்கு மாலை, சந்தனப்பொட்டு, சின்ன மின்விளக்கு எல்லாம் உண்டு. அண்ணாவின் படத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒரு தீபாவளிக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, பாவம், தெரியாமல் இரண்டு படத்துக்கும் பூ வைத்துவிட்டாள். அம்மா எழும்பிப் போய் அண்ணாவின் பூவை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவளோடு பிறகு வெகுகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

முகம் பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. முதலில் தேடியது ஒரு இளைஞனை. வருடங்கள் போகப் போக அண்ணாவுக்கு நானே நரை போட்டேன், தொப்பை வைத்தேன், மூக்குக்கண்ணாடி மாட்டினேன். இப்போது அறுபதை நெருங்கும் எந்தத் தமிழரும் ஒஸ்லோவில் என் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஒருமுறை மரக்கறிக் கடையில் ஒருவர், நான் வேறு ஏதோ எண்ணத்தில் பார்க்கிறேன் என்று நினைத்து மனைவியின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு அழுகை வந்தது.

ஆகவே, பிரான்சில் படிக்கும் என் மகள் ஐப்பசி விடுமுறைக்கு ஒரு ஆற்றங்கரைக் கிராமத்தில் தங்குவோம் என்று கூப்பிட்டபோது எனக்குப் பெரிய சந்தோஷம். பரிஸ் என்றால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் தெருவில் ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று முகம் பார்க்க வேண்டும். இது லுவார் ஆற்றோரம் இருக்கும் பழைய கல்வீட்டு ஊர். அங்கே ஒரு தமிழ்க் குருவிகூட இருக்காது என்று மகள் சொன்னாள். என் கண்ணுக்கும் ஒரு லீவு கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் அம்மா வழக்கமானதைச் சொல்ல, நானும் வழக்கம்போல ஓம் என்றேன்.

ரயிலிலிருந்து இறங்கிய பட்டணத்தில் எங்கே பார்த்தாலும் செவ்வந்தி. கடைவாசல்களில், வண்டிகளில், பெற்றோல் நிலையத்தில்கூட மஞ்சளும் ஊதாவுமாகச் சாடி சாடியாகக் குவித்திருந்தார்கள். என்ன பூப்பிரியமான சனம் என்று வியந்து, தங்கப்போகும் வீட்டுக்காரிக்காக இருப்பதிலேயே பெரிய மஞ்சள் சாடியை வாங்கினேன்.

"ஸ்லாப் ஆவ், அம்மா," என்றாள் மகள். பதறாமல் இருங்கள் என்பதற்கு அவளிடம் இருக்கும் நோர்வேஜிய வார்த்தை அதுதான். வாடகை கொடுத்துத் தங்கும் இடத்துக்கு எதற்குப் பூ என்பது அவள் கேள்வி. வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு வராது. சாடியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். ஏறிய கிழவிகள் எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். நல்ல ஆட்கள் என்று நானும் அசைத்தேன்.

ஊர் படத்தில் பார்த்ததைவிட அழகாகத்தான் இருந்தது. கறுப்பு ஓட்டுக் கூரைகள், வெளிறிய கல்வீடுகள், பாதி வீடுகளில் யன்னல்கள் பலகையால் சாத்தியிருந்தன. ஆறு அகலமாக, சத்தமில்லாமல், மண்நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மாதாகோவில் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு கோடாக வெட்டி, பக்கத்தில் வருடங்களைப் பொறித்திருந்தார்கள். ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அதன் கீழே நின்றபோது மூச்சு முட்டியது. முன்பு பெண்கள் துணி துவைத்த கூரை போட்ட துறை ஒன்று ஆற்றோரம் இருந்தது. மகள் இறங்கிப் படம் எடுத்தாள். நான் இறங்கவில்லை. சாடி பாரம் என்று அவளுக்குச் சொன்னேன். உண்மையில் அந்த இடத்தில் யாரோ எனக்கு முன்பே நிற்பதுபோல ஒரு உணர்வு. கால் போகவில்லை.

தங்கும் வீடு துறைக்கு அடுத்த வீடு. கதவைத் திறந்த வீட்டுக்காரிக்கு எழுபது வயதிருக்கும், ஒல்லியான மனுஷி. முதலில் சாடியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்ததுபோல என்னை ஒருவர் பார்த்தது அதுதான் முதல்தடவை. வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் குழம்பிப்போய், நாங்கள் எப்பவாவது வருவோம் என்று அவருக்குத் தெரியுமாம் என்றாள். அறை பதிவு செய்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சாடியை வாங்கவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்தில் வைக்கச் சொல்கிறாராக்கும் என்று சாடியோடு பின்னால் போனேன். கோவிலைக் கடந்து, மேட்டிலிருந்த ஒரு இரும்புப் படலையைத் திறந்தார்.

சவக்காலை. கல்லறைக்குக் கல்லறை செவ்வந்திச் சாடி. அடுத்த நாள் அவர்கள் இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் நாள் என்பதும், இந்தப் பூவை இந்த நாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பதும் எனக்கு அங்கேதான் விளங்கியது. பஸ்ஸில் தலையசைத்த கிழவிகளும் விளங்கினார்கள். வெட்கத்தில் காது சுட்டது. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கச் சொல்லு என்று மகளிடம் சொன்னேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த மனுஷி மதிலோர மூலையில் நின்றுவிட்டார். பேர் எழுதாத ஒரு தட்டைக் கல். அதில் ஏற்கெனவே ஒரு சின்னச் சாடி இருந்தது. அதைத் தள்ளி, என் சாடிக்கு இடம் விட்டார்.

அவர் சொல்லச் சொல்ல மகள் மெதுவாகத் தமிழில் சொன்னாள். அவர் கலியாணம் கட்டி வந்த புதிதாம். மாரிகாலத்து வெள்ளம் வடிந்த காலையில், அவருடைய கணவர் துறையில் ஒரு இளைஞனின் உடலைக் கண்டாராம். எங்களைப் போன்ற நிறம். அடையாளக் கடதாசி ஒன்றும் இல்லை. தேடி யாரும் வரவில்லை. ஊரார் சேர்ந்து இங்கே அடக்கம் செய்தார்களாம். ஒவ்வொரு வருடமும் இந்தக் காலத்தில் துறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவனுக்குப் பூ வைப்பதாம். என்றைக்காவது அவனுடைய ஆட்கள் பூவோடு வருவார்கள் என்று கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் எல்லை கடந்தார்கள், யாரோ ஒருவராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அந்த மனுஷி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கறுப்பு நூலாம் அம்மா, இடுப்பிலை கட்டியிருந்ததாம். அதிலை வெள்ளியிலை சின்னக் குழாய் மாதிரி ஒண்டாம். என்னெண்டு இவைக்குத் தெரியாதாம்."

நோர்வேயில் பிறந்த மகளுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அரைஞாண் கயிறு, அதில் மந்திரித்த தகடு வைத்த அச்சரக்கூடு. அடக்கம் செய்யும் முன் அதை வெட்டி எடுக்கச் சிலர் கேட்டார்களாம். அவருடைய கணவர் விடவில்லையாம். இது ஒரு தாய் கட்டியதாகத்தான் இருக்கும், அவனோடேயே போகட்டும் என்றாராம்.

சாடியோடு ஈரமண்ணில் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மனுஷி குனிந்து ஏதோ கேட்டார். இவர் உங்கள் ஆளா என்று கேட்கிறார் என்றாள் மகள்.

"ஓம், எங்கட ஆள் எண்டு சொல்லு."

யாராக இருந்தாலும் அது பொய்யில்லை. சாடியை வைத்தேன். அந்த மனுஷி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமல் அழுவது மிகவும் கொடுமையானது.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் டி.என்.ஏ. சோதனை பற்றிக் கதைத்தாள். அதற்கெல்லாம் முதல் ஒரேயொரு கேள்வி போதும். அண்ணா வெளிக்கிட்ட அன்று இடுப்பில் அச்சரக்கூடு இருந்ததா? தங்கைக்காரிக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தவர் உலகத்தில் அம்மா ஒருவர்தான். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். அதற்குச் சொல்லும் பதிலில் அவருடைய உயிர் போய்விடும் என்று பயந்தேன். படுத்தபோது யன்னலுக்குக் கீழே ஆறு போவது கேட்டது. பகலில் கேட்காத சத்தம்.

திரும்பி வந்தபோது அம்மா யன்னலோரம் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். முகங்களைப் பார்த்தாயா என்று கேட்டார்.

"அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை, அம்மா."

சரி, அடுத்தமுறை பார்க்கலாம் என்று உள்ளியைத் தொடர்ந்தார். கேட்காத அரைஞாண் கேள்வியோடுதான் அதற்குப் பிறகு நாட்கள் போயின. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போது, வயதானவர்களின் சட்டை மாற்றும்போதெல்லாம் என் கண் அவர்களின் இடுப்புக்குப் போனது. மத்தியானமே இருட்டிவிடும் மார்கழி நாளொன்றில், அம்மாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அண்ணா வெளிக்கிடேக்கை அரைஞாண் கட்டியிருந்தவரோ, அம்மா?"

சீப்புக்குக் கீழே அவருடைய தலை அசையாமல் நின்றது.

"இல்லை," என்றார். "அவன் உதெல்லாம் கட்டிறேல்லை."

தக்காளி என்ன விலை, தொலைபேசியில் யார், பக்கத்து வீட்டுக்காரி ஏன் இருமுகிறாள் என்று எதையும் துருவித் துருவிக் கேட்கும் அம்மா, ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. உச்சியை நேராகப் பிரித்துவிடு என்று மட்டும் சொன்னார்.

தை மாதம் பேர்கனில் ஒரு கலியாணவீடு. வாசலில் சப்பாத்து நாடாவை வேண்டுமென்றே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். அம்மா கையுறையைக் கொண்டுவந்து தந்தார். வெளியே குளிர், மறக்காமல் போடு என்றார். நான் இன்னும் கொஞ்சநேரம் நின்றேன். வேறொன்றும் சொல்லாமல் அம்மா கதவைச் சாத்தினார்.