பெயரை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கோ

“அக்கா, பார்சலைக் கொஞ்சம் சந்தோஷமாச் சுத்தி அனுப்ப ஏலுமா?”

போன செவ்வாய்க்கிழமை, காலைத் தேத்தண்ணீரும் கையுமாக இருந்தபோது வந்த மெசேஜ் இது. ஓர்டர் இரண்டு போத்தல் மாசிச் சம்பல். அதை எப்படிச் சந்தோஷமாகச் சுற்றுவது? சுற்றும்போது நான் சிரிக்க வேண்டுமா? போத்தல் சிரிக்க வேண்டுமா?

கேட்டேன். ரிப்பன் கட்டி, மேலே ஒரு கடதாசிப் பூ வைக்க வேண்டுமாம். யாருக்குப் பரிசு என்றேன். தனக்குத்தானாம்!

பேப்பரில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தபால் கந்தோரில் முப்பது வருடம் பார்சல் கவுண்டரில் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, கிண்ணியாவில் இருக்கும் ரசீனாவோடு சேர்ந்து இணையத்தில் மாசிச் சம்பல் விற்கிறேன். மாசிக் கருவாட்டை இடித்து, வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் எண்ணெயில் வதக்கிச் சம்பல் செய்வது அவர். போத்தலைச் சுற்றிக் கட்டி, திருகோணமலை நகரத்திலிருந்து கூரியரில் அனுப்புவது நான். வாங்குபவர்களின் மெசேஜ்களுக்குப் பதில் எழுதுவதும் என் தலையெழுத்து.

தலையெழுத்து என்று சும்மா சொல்லவில்லை. ஒருவர் பிளாஸ்டிக் வேண்டாம் என்றார் — கடல் கெட்டுப்போகுமாம். சரி, கடதாசிப் பெட்டி என்றேன். அதுவும் வேண்டாம், மரம் வெட்டுப்படுமாம். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயும் கசியக் கூடாதாம். அப்படியானால் நானேதான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும்.

இன்னொருவருக்குக் கொலஸ்ட்ரோல். “பெட்டிக்கு மேல புத்தகம் எண்டு எழுதுங்கோ அக்கா. மனிசி கண்டா துலைஞ்சன்” என்றார். எழுத மாட்டேன் என்றேன். முப்பது வருடம் அடுத்தவர்களின் பொய் விவரங்களைக் கண்டுபிடித்தவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?

ஒரு பெண்மணி, பழைய பேப்பரில் போத்தலைச் சுற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தார். மை ஒட்டும், நியாயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “போனமுறை வந்த பேப்பரில ஒரு பொம்பிளையின்ர கட்டுரை கிடந்தது. வாசிக்கவே சகிக்கேல்லை” என்றும் சேர்த்திருந்தார். ஆருடைய கட்டுரை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. இரண்டு மாதத்துக்கு முன் வந்ததுதான் சிரிக்க முடியாதது.

கொழும்பில் ஒரு பெண் வாடிக்கையாளர் இருந்தார். இரண்டு வருடமாக மாதம் தவறாமல் வாங்குபவர். அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். மற்றவர்களின் பெயரை அகற்றுவதில் அவருக்கிருக்கும் ஆர்வத்துக்கு நான் செய்யும் மரியாதை அது.

மகனுக்கு இருபத்தோராவது பிறந்தநாள். ஹோட்டலில் விழா. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் போத்தல் மாசிச் சம்பல் கொடுத்தனுப்பப் போகிறாராம். நூறு போத்தல் வேண்டும் என்றார்.

நூறு! எங்களுக்கு அதுவரை வந்த ஓர்டர்களில் அதுதான் பெரியது. ரசீனாவின் கணவருக்கு வளைகுடாவில் வேலை செய்தபோது முதுகில் அடிபட்டு, இப்போது ஒரு வாளித் தண்ணீரும் தூக்க முடியாது. வீடு நடப்பது சம்பலால்தான். வெங்காயம் உரிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் அதுதான் வருமானம். மூன்று நாள் கண்ணெரிய நின்று நூறு போத்தலையும் முடித்து என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் லேபிள் — ‘ரசீனாவின் மாசிச் சம்பல், கிண்ணியா’.

வெள்ளிக்கிழமை போத்தல்களைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“வடிவாயிருக்கு அக்கா. ஆனா அந்த லேபிளை எடுத்துப்போட்டு அனுப்புவீங்களோ?”

“ஏன்?”

“தீம் நீலமும் தங்கமும். மஞ்சள் லேபிள் ஒத்துவராது.”

“அதுக்கென்ன, நீலத்தில அடிச்சு ஒட்டுவம்.”

“யோசிச்சிட்டு வொய்ஸ் மெசேஜ் போடுறன்” என்று வைத்துவிட்டார். மெசேஜும் வந்தது.

“அக்கா, நிறம் இல்லைப் பிரச்சினை... பேர்தான். எனக்கு ஒண்டுமில்லை, நாங்கள் எத்தினை நாளாச் சாப்பிடுறம்! மச்சாள் ஆக்கள் வருவினம், அவை கொஞ்சம் பார்ப்பினம். அந்தப் பேரை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கோ. இல்லாட்டி உங்கட பேரைப் போடுங்கோவன். அது நல்லாயிருக்கும்.”

இந்த மச்சாள் ஆக்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம்மிடம் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் எப்போதும் மச்சாளிடம்தான் இருக்கிறது! ரசீனாவின் கைச் சம்பல் இரண்டு வருடம் வயிற்றுக்குள் போகலாம். ரசீனாவின் பெயர் மேசைக்கு வரக் கூடாது. இப்படி ஒரு கண்ணியத்தை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

சரி, நான் என்ன பதில் அனுப்பினேன்? நாலு வார்த்தை சுடச்சுடக் கொடுத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். வாரா வாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவள் அல்லவா?

“பார்ப்பம்” என்று அனுப்பினேன்.

பார்க்கவும் செய்தேன். சனிக்கிழமை பின்னேரம், குசினியில் பெரிய பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, போத்தல்களை அமிழ்த்தி, தேங்காய்த் தும்பால் தேய்த்து லேபிள்களைக் கழற்றத் தொடங்கினேன். பெரிய ஓர்டர், ரசீனாவுக்கு நன்மை, அவருக்கு ஏன் வீணாக மனவருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட வேலை செய்யும்போது மனம் எவ்வளவு நல்ல வார்த்தைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது!

நாற்பது போத்தல் முடிந்திருக்கும். வாசலில் திரீவீலர் நிற்கும் சத்தம். ரசீனா ஒரு பையோடு உள்ளே வந்தார்.

“பத்துப் போத்தல் கூடப் போட்டன் அக்கா. இருவத்தொரு வயசு, ஒரே மகன் எண்டு சொன்னீங்கதானே. லேபிள் முடிஞ்சிட்டு, ஒட்டிட்டு இதச் சும்மா குடுங்க.”

சொல்லிக்கொண்டே குசினிக்குள் வந்தவர் பேசினைப் பார்த்துவிட்டார். ‘ரசீ’ ஒரு பக்கமும் ‘னா’ ஒரு பக்கமுமாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

“என்ன அக்கா, லேபிள்ல ஏதும் பிழையா?”

“ஓம்... மை கொஞ்சம் பரவிப்போச்சு.”

அவர் ஒரு துண்டை எடுத்து விரலில் ஒட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு.”

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, அந்த வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். அதைவிட வேறு வழி தெரியவில்லை. ரசீனா நின்றபடியே கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

“சம்பல் உறைக்கல்ல, பேர்தான் உறைக்குதாக்கும்” என்றார்.

எனக்கு அப்போதுதான் வீரம் வந்தது. “இந்த ஓர்டரே வேண்டாம் ரசீனா! இப்பவே எடுத்து நல்லாக் குடுக்கிறன் அவவுக்கு. என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறா?”

“உங்களுக்கு இப்பதான் கோவம் வருது அக்கா. இவ்வளவு போத்தல் கழுவக்குள்ள வரல்லியே?”

குரலை உயர்த்தவில்லை அவர். உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். “பிழைதான் ரசீனா” என்றேன். அவர் அதைக் கேட்டதாகவும் காட்டவில்லை, மன்னித்ததாகவும் காட்டவில்லை.

“எங்கட ஆக்கள்லயும் இருக்காங்க” என்றார் பிறகு. “உங்கட குசினியில வச்சுக் கட்டுற சாமான் எண்டு தெரிஞ்சா வேணாம் எங்கிற ஆக்கள். எனக்கு அதெல்லாம் புதுசு இல்ல. ஆனா பேர் இல்லாம எண்ட சம்பல் போகாது.”

“நூறு போத்தல் ரசீனா... என்ன செய்வீங்கள்?”

“நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வயித்தால போனா ஆரைக் கேப்பாங்க? போத்தல்ல பேர் இருந்தா என்னைக் கேப்பாங்க. நான் பதில் சொல்லுவன். பேர் இல்லாத சாமானுக்கு ஆர் பொறுப்பு? சாப்பிடுற பொருள் அக்கா இது.”

நான் மானத்தைப் பற்றி ஒரு பிரசங்கத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் பொறுப்பைப் பற்றிப் பேசினார். முப்பது வருடம் அனுப்புநர் பெயர் இல்லாத பார்சலை வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தவள் நான்தான். அந்த மூளை அன்று எங்கே போயிருந்தது?

கொழும்புக்குப் போன் எடுத்தேன். ரசீனா பக்கத்திலேயே இருந்தார்.

“லேபிளோட எண்டால் அனுப்புறம். இல்லாட்டி இல்லை” என்றேன்.

“அக்கா, நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டிட்டீங்கள். நான் அப்பிடி ஆள் இல்லை. எனக்கு எத்தினை முஸ்லிம் ஃபிரெண்ட்ஸ்!”

“நல்லது. அவையையும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறீங்களோ?”

குரல் மாறியது. “இது சும்மா ஒரு பக்கேஜிங் விஷயம். காசு குடுக்கிற கஸ்டமர் கேட்டால் செய்யிறதுதானே பிஸ்னஸ்?”

“பெட்டி உங்கட விருப்பம். ரிப்பன் உங்கட விருப்பம். செய்தவவின்ர பேர் பக்கேஜிங் இல்லை.”

வைத்துவிட்டார். ஓர்டர் அதோடு போனது. நல்ல வசனம்தான் பேசினேன். ஆனால் அதை வெள்ளிக்கிழமையே பேசியிருக்க வேண்டும். ரசீனாவும் என்னைப் பாராட்டவில்லை. “மிச்சத்தக் கழட்டாதீங்க” என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, லேபிளுக்கு அச்சகத்துக்குப் போகப் போகிறேன் என்று சொல்லப் போன் எடுத்தபோது, “பேரைக் கொஞ்சம் பெருசா அடிக்கச் சொல்லுங்க அக்கா. தூரத்தில இருந்து பாக்கிற ஆக்களுக்கும் விளங்கட்டும்” என்றார். கழற்றிய நாற்பதுக்கும், கூட வந்த பத்துக்கும் நானே உட்கார்ந்து ஒட்டினேன். “நீங்கதானே கழட்டினது” என்று அதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

எல்லாம் உடனே விற்றுப்போயின என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. ஒரு மாதம் பிடித்தது. பஸ் நிலையத்தடியில் ஒரு கடைக்காரர் கொஞ்சம் எடுத்தார். கந்தளாயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொஞ்சம் போனது. மிச்சம் ஒன்று இரண்டாக இணையத்தில். அந்த மாதம் வெங்காயம் உரிக்கும் பெண்களுக்குப் பாதி நாள்தான் வேலை இருந்தது. நேர்மைக்கு உடனே பரிசு கிடைப்பதெல்லாம் சொற்பொழிவுகளில்தான். குசினியில் அப்படி நடப்பதில்லை.

ரசீனாவும் நானும்? கதைக்கிறோம். முந்திய மாதிரிக் கதைக்கச் சில வாரம் எடுத்தது. இப்போது என் வீட்டுக்குப் போத்தல் பெட்டி வந்ததும் எண்ணிப் பார்க்க வருகிறார். எண்ணுவதற்கு மட்டும்தான் வருகிறார் என்று நான் நம்பிக்கொள்கிறேன்.

பிறந்தநாள் விழா நடந்து முடிந்தது. மூன்றாம் நாள் எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு ரிவியூ. ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று. ‘பக்கேஜிங் மோசம். கஸ்டமர் சொல்வதைக் கேட்பதில்லை.’

கொதித்துப்போய் ரசீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அப்போது மாசி இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்தாமலே கேட்டார்.

“சம்பலைப் பத்திக் குறை ஏதும் எழுதியிருக்காவா?”

“இல்லை.”

“அப்ப விடுங்க அக்கா.”

அவர் விட்டுவிட்டார். என்னால் ஏலவில்லை — கையில் ஒரு பத்தி இருக்கிறதே!