பனியன் துணியில் கட்டிய கதவு

எங்கள் லைன் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. அங்கே எழுதாத சட்டங்கள்தான் அதிகம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், குழாயடியில் துணி ஊறப்போடக் கூடாது. திருப்பூர் வீரபாண்டியில் வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில் நானும் என் கணவரும் பல வருடங்களாகக் குடியிருந்தோம். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அவர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் அங்கேயே ஓவர்லாக் டெய்லர். கோழி வரும்வரை எல்லாச் சட்டத்துக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் விடைக்கோழிகளை விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு முட்டை ஆசையெல்லாம் இல்லை. கம்பெனியில் நாள் முழுக்க எத்தனையோ உருப்படி என் கையைத் தாண்டிப் போகிறது, ஒன்றுகூட என்னுடையதில்லை. எனக்கே எனக்கென்று உயிரோடு ஏதாவது வேண்டும் போலிருந்தது. கறுப்பில் ஒன்றும் செவலையில் ஒன்றும் வாங்கி, பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். என் கணவர் பஸ்ஸில் நான்கு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையிலேயே வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

“ஏனம்மிணி, இதென்னுங்க கோழியெல்லாம்? என்ற வாசல்ல கோழி நடமாடுனா நல்லாயிருக்குங்களா?”

“நடமாடாதும்மா. பின்னாடி மூலைல அடைச்சு வச்சுக்கிறோம்.”

“எதுல அடைப்பீங்க? கூடு இருந்தா வெச்சுக்கங்க. இல்லீன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள யாருக்காச்சும் குடுத்துப்போடுங்க.”

கூடு வாங்க எங்களுக்கு வக்கில்லை என்ற நிச்சயத்தில்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாங்கினால்தான் கூடா?

கம்பெனிக் குப்பையில் என்னதான் கிடைக்காது. சரக்கு அடுக்கும் மரச் சட்டங்கள் உடைந்துபோனால் பின்பக்கம் குவித்து வைப்பார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டேன், கோழிக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப்போகச் சொன்னார். துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாய், கோழி ஏறி உட்கார. பழைய இரும்புக் கடையில் கிடந்த டேபிள் ஃபேனின் முன்வலை, ஜன்னலுக்கு. கூரைக்கு யாரோ ஒரு பெண்ணின் பூப்புச் சீர் விழாவுக்கு வைத்துக் கழற்றிப் போட்டிருந்த ஃப்ளெக்ஸ். வெயிலில் படம் வெளுத்துப்போகுமே என்று உள்பக்கம் திருப்பிப் போட்டேன். படத்தில் இருந்த தாய்மாமன்கள் வரிசையாக நின்று கோழிகளைக் கைகூப்பி வரவேற்றார்கள்.

அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் யானையைக் கட்டப் போகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் கணவர், “ஒரு பழைய கூடையக் கவுத்து வச்சா முடிஞ்சுபோற வேல” என்று முணுமுணுத்தாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆணி அடித்ததில் என் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை கூடு நின்றது. கோணல்தான், ஆனால் நின்றது. வீட்டுக்கார அம்மா வந்து கையால் ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். “பரவால்லீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். அன்று ராத்திரி நான் ராணிபோல் தூங்கினேன்.

ஆனால் ஒரு தவறு செய்திருந்தேன். கதவைக் கட்டுவதற்குப் பனியன் துணிக் கிழிசலைப் பயன்படுத்தியிருந்தேன், அதுவும் கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணி. திருப்பூரில் எதைக் கட்டவும் எங்கள் கைக்கு முதலில் வருவது அதுதான். மூட்டை கட்டுவோம், கொடி கட்டுவோம், பிள்ளைக்குத் தொட்டில்கூடக் கட்டுவோம். இழுத்தால் வரும் துணி அது, அப்படி வருவதற்காகவே பின்னுவது. தினமும் அதை இழுத்துப் பிடித்துத் தைக்கிற எனக்குத் தெரியாததா? ஆனால் மெஷினை விட்டு எழுந்ததும் அது எனக்குத் துணியாகத் தெரியவில்லை, கயிறாகத் தெரிந்தது. கோழிகள் முட்ட முட்ட முடிச்சு அவிழாமலே கட்டு தொய்ந்து, கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து ஓரத்தில் சந்து விழுந்திருக்கிறது.

ஒரு நாள் நாங்கள் இருவரும் வேலையில் இருந்த நேரத்தில், கோழிகள் அந்தச் சந்து வழியாக வெளியே வந்து நேராக மாடிக்குப் போயிருக்கின்றன. அங்கே வீட்டுக்கார அம்மா ராகி காயப்போட்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது ராகி மாடி முழுக்க எச்சத்தோடு இறைந்து கிடந்தது. கோழிகள் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள், மேலே கல் வைத்து மூடியபடி இருந்தன.

“நாஞ் சொன்னனுங்கல்ல” என்றார் வீட்டுக்கார அம்மா. “காலைல கறிக்கடைக்காரர வரச் சொல்லீருக்கறனுங்க. எனக்கொன்னும் வேண்டாம், காச நீங்களே வாங்கிக்கங்க.”

“கட்டு சரியில்லம்மா, தப்பு என்னுதுதான். ராகிய நான் அள்ளிப் பொடச்சு சுத்தம் பண்ணித் தாரேன். கோழியத் தர மாட்டேன்.”

“அப்ப ஊட்டக் காலி பண்ணிக்கங்க அம்மிணி.”

“பண்ணிக்கிறோம்மா” என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நான் டிரம்மைத் திறந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். என் கோழியை என்னைக் கேட்காமல் விலை பேசியிருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

சொன்னபடி ராகியை முறத்தில் போட்டுப் புடைத்துக் கொடுத்தேன். கட்டடம் கட்டுகிற இடத்தில் துண்டுக் கட்டுக்கம்பி கேட்டு வாங்கி வந்து, ரிப் துணியை அறுத்தெறிந்துவிட்டுக் கதவை முறுக்கிக் கட்டினேன். “கோழிக்கு வீடு கட்டப் போயி நமக்கு வீடு போச்சு” என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீடு தேட ஆரம்பித்தோம். இந்த ஊரில் வீடு கேட்டுப் போனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எந்த ஊர், எத்தனை பேர், சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, என்ன ஆளுங்க என்பார்கள். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி கைகட்டி நின்று அத்தனைக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் யோசிப்பதற்குள், நாங்கள் அமைதியான ஆட்கள், எந்தத் தொந்தரவும் இருக்காது என்று நானாகவே கூடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை வீட்டுக்காரர் கதவைத் திறந்து வாயெடுப்பதற்கு முன்னால் நான் பேசினேன்.

“எங்ககிட்ட ரெண்டு கோழி இருக்கு. கூடும் இருக்கு, நானே கட்டினது. இங்க வச்சுக்கலாமா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க, மத்த கேள்வியெல்லாம் உங்களுக்கும் மிச்சம்.”

சில வீடுகளில் கதவு அப்படியே சாத்திக்கொண்டது. போகட்டும் என்று அடுத்த தெருவுக்கு நடந்தேன். ஒரு வீட்டில், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்ற பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க, எங்க வெப்பீங்க?” என்றார்.

“பின்னாடி கொஞ்சம் நெழல் இருந்தாப் போதும்” என்றதும் தலையாட்டிவிட்டு, அறைச் சாவியைக் கூட வந்த என் கணவரிடம்தான் கொடுத்தார். நான் அதற்குக் காத்திருக்கவில்லை. பின்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்து, செருப்புக் காலால் மண்ணில் கூட்டுக்கு நான்கு பக்கமும் கோடு இழுத்தேன். வீட்டை அப்புறம்தான் பார்த்தோம்.